தான்சானியாவில் ஆறு மாதத் தொண்டூழியம்: ஞாயிற்றுக்கிழமை எந்த ஆலயத்துக்கு, எப்படிப் போவது?

கேள்வி: செங்காங் தாதி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் சிங்கப்பூரில் ஒன்பது ஆண்டுகளாகத் தாதியாகப் பணிபுரிகிறேன். வரும் ஜூலை முதல் டிசம்பர் இறுதிவரை சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, தான்சானியாவில் மோஷி நகருக்கு மேலே கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் உள்ள ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் தொண்டூழியம் செய்யப் போகிறேன். தடுப்பூசி, மலேரியா மாத்திரை, விசா ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் இங்கே கேட்க விரும்புவது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

தமிழ் மெதடிஸ்ட் சபையில் பிறந்து வளர்ந்தவள் நான். இரவுப்பணி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஆலயத்துக்குப் போன நாள்கள் உண்டு. ஆகவே ஆறு மாதம் ஆராதனை இல்லாமல் இருப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் தங்கப்போகும் இடத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு லுத்தரன் ஆலயம் இருக்கிறது. ஆராதனை முழுவதும் சுவாஹிலி மொழியில் நடக்குமாம். நகரத்துக்கு இறங்கினால் வெளிநாட்டவர் கூடும் ஆங்கில ஆராதனைக்குப் போகலாம் என்றும் சொல்கிறார்கள். எதற்குப் போவது என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

தயக்கத்துக்குக் காரணம் ஐந்தாண்டுக்கு முன் நடந்த ஒன்று. ஒரு குழுவோடு அண்டை நாடு ஒன்றில் ஒரு கிராமத்துக்கு ஒரு வாரம் சென்றிருந்தேன். ஞாயிறன்று அங்குள்ள தகரக்கூரை ஆலயத்தில் எங்களை முன்வரிசையில் அமர வைத்தார்கள். நாற்காலி போதவில்லை. எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி எழுந்து, தம் சேலைத்தலைப்பு போன்ற துணியால் நாற்காலியைத் துடைத்து என்னிடம் நகர்த்திவிட்டு, ஆராதனை முடியும்வரை சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நாங்கள் ஒரு பாட்டுப் பாடினோம், பிள்ளைகளுக்குப் பைகள் கொடுத்தோம், குழுவில் சிலர் அனைத்தையும் படம் எடுத்தார்கள், மதியத்துக்குள் பேருந்தில் ஏறிவிட்டோம். வழிபடப் போன நான் அன்று வழிபட்டேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதே தவறை ஆறு மாதம் செய்ய நான் விரும்பவில்லை.

காணிக்கை எவ்வளவு போடுவது, எழுந்து பேசச் சொன்னால் என்ன சொல்வது, திருவிருந்தில் பங்குபெறலாமா, சுகாதார நிலையத்துக்கு வரும் முஸ்லிம் நோயாளிகள் என்னை ஆலயத்தின் ஆளாக நினைத்துத் தயங்குவார்களா என்ற கேள்விகளும் இருக்கின்றன. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பீஷான் ஆசிரியை

அன்புத் தங்கைக்கு வணக்கம். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன், ஏனென்றால் நான் 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகள் அதே மலைச்சரிவில் ஒரு பள்ளியில் கணிதம் கற்பித்தேன். பத்து நிமிட நடையில் இருக்கும் ஆலயத்துக்கே போங்கள். ஒவ்வொரு வாரமும் அதே ஆலயத்துக்கு, முடிந்தால் அதே இருக்கைக்குப் போங்கள். மற்றவை எல்லாம் அதிலிருந்து தாமாக அமையும்.

நம்மிடம் 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்ற பழமொழி இருக்கிறது அல்லவா? சுவாஹிலியில் அதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு: விருந்தாளிக்கு இரண்டு நாள் உபசாரம், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே இதை எடுத்துக்காட்டிப் பேசியதால் அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் இது தெரியும். நீங்கள் அண்டை நாட்டில் ஒரே ஒரு ஞாயிறு இருந்தீர்கள். ஆகவே விருந்தாளியாக மட்டுமே இருக்க முடிந்தது. அந்தப் பாட்டி செய்தது அவருடைய பண்பாடு. அதில் உங்கள் குற்றம் ஏதுமில்லை. ஆறு மாதத்தில் இருபத்தாறு ஞாயிறுகளாவது இருக்கின்றன. முதல் இரண்டு வாரம் நாற்காலியைத் துடைத்துத் தருவார்கள், மறுக்காமல் அமருங்கள். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு பெருக்கும் துடைப்பம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நான் ஒரு சனிக்கிழமை மாலை பெண்களோடு சேர்ந்து ஆலயத்தின் சிமெண்டுத் தரையைக் கழுவினேன். அதற்கு மறுநாள் யாரும் எனக்காக எழுந்திருக்கவில்லை. அன்றுதான் நான் அந்தச் சபையில் சேர்ந்ததாக நினைக்கிறேன்.

முதல் ஞாயிறன்று அறிவிப்புகளின் நடுவே விருந்தினரை எழுந்து நிற்கச் சொல்வார்கள். 'ப்வானா யேசு அசிஃபிவே' என்று சொல்லுங்கள். ஆண்டவர் இயேசுவுக்குத் துதி என்பது பொருள். சபை முழுவதும் 'ஆமினா' என்று பதில் சொல்லும். அதன்பின் உங்கள் பெயர், ஊர், எந்தச் சபையிலிருந்து வருகிறீர்கள், உங்கள் சபையார் வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்கள் என்று நான்கு வாக்கியம் போதும். புறப்படுவதற்கு முன் உங்கள் போதகரிடம் அந்த வாழ்த்தை உண்மையாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே அதை மிகவும் மதிப்பார்கள். நீங்கள் செய்யப்போகும் மருத்துவப் பணியைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. முதியவர்களைக் கண்டால் 'ஷிகமோ' சொல்ல வேண்டும். அவர்கள் 'மரஹபா' என்பார்கள். வயதில் மூத்தவருக்கு இதைச் சொல்லாமல் விடுவது, நம் ஊரில் பெரியவர் வரும்போது எழுந்திருக்காமல் இருப்பதைப் போன்றது. முழங்காலுக்குக் கீழே வரும் பாவாடை அணியுங்கள்.

ஆராதனை இரண்டு, மூன்று மணி நேரம்கூட நீளும். பாடகர் குழு ஒன்றல்ல, பல. இளைஞர் குழு, பெண்கள் குழு, மூத்தோர் குழு என ஒவ்வொன்றும் எழுந்து பாடும். சுவாஹிலி ரோமன் எழுத்தில் எழுதப்படுவதாலும், எழுதியபடியே உச்சரிக்கப்படுவதாலும், பொருள் தெரியாத நாளிலேயே பாட்டுப்புத்தகத்தைப் பார்த்து நீங்கள் பாடிவிடலாம். பல பாட்டுகளின் ராகம் நம் ஞானப்பாட்டுகளின் ராகமே. முதல் மாதம் எனக்குப் பிரசங்கம் புரியவில்லை. ஆனால் வேதபாட வசனத்தின் எண்ணைக் கேட்டுத் தமிழ் வேதாகமத்தில் அதே பகுதியைப் படித்துக்கொண்டிருப்பேன். ஐந்தாம் மாதம் ஒருநாள் போதகர் சொன்னதற்குச் சபையோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அதன் பிறகே புரிந்துவிட்டது என்பதை உணர்ந்தேன்.

இனி காணிக்கை. இதில் நான் ஒரு தவறு செய்தேன், அதை விரிவாகச் சொல்கிறேன். அங்கே பணமில்லாதவர்கள் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், காலைக் கட்டிய கோழி, செய்தித்தாளில் பொதிந்த ஆறு முட்டை. ஆராதனை முடிந்ததும் சபையார் பாடியபடியே வெளியே வந்து, ஒருவரோடு ஒருவர் கைகுலுக்கி, வட்டமாக நிற்பார்கள். அந்த வட்டத்தின் நடுவில் மூப்பர் அந்தப் பொருள்களை ஏலம் விடுவார். திருநெல்வேலிப் பக்கத்து ஆலயங்களில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சமைக்கும்முன் ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென எடுத்துவைக்கும் பழைய கைப்பிடி அரிசிக் காணிக்கையைப் பற்றி என் தாயார் சொல்லி வளர்த்தவர் என்பதால் அந்தக் காட்சி என்னைக் கலங்க வைத்தது. உணர்ச்சி மிகுதியில், யாரோ ஐயாயிரம் ஷில்லிங் சொன்ன முட்டைக்கு நான் முப்பதாயிரம் என்று சொன்னேன். கைதட்டினார்கள். ஆனால் அடுத்த வாரம் முட்டை ஏலம் வந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மாலையில் மூப்பரின் மனைவி என்னிடம் மெதுவாக விளக்கினார். அந்த முட்டைகளை வழக்கமாக வாங்குபவர் ஒரு கைம்பெண். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்த பணத்தில் அவர் அவற்றை வாங்கி, பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அவர் தரக்கூடிய காணிக்கை அதுதான். அதை நான் ஒரே சொல்லில் எடுத்துக்கொண்டுவிட்டேன். அதன்பிறகு ஏலத்தில் எல்லாரும் சொல்லி முடித்த பிறகே, யாரும் கேட்காத பொருளை மட்டும் வாங்கினேன். காணிக்கைப் பெட்டியில், அக்கம்பக்கத்தில் சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியர் போடும் அளவையே போட்டேன். அந்நாட்டின் மிகப்பெரிய தாள் பத்தாயிரம் ஷில்லிங். நம் கணக்கில் ஐந்து வெள்ளியை ஒட்டியது. நமக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு என்பதால் அங்கேயும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கூடுதலாகக் கொடுக்க மனம் இருந்தால், கிளம்பும்போது சபையின் பொருளாளரிடம் ரசீது வாங்கிக்கொண்டு, பெயர் அறிவிக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். தனி ஆட்கள் கேட்கும்போது ஆலய வாசலில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. என் பாட்டி மாயவரத்து லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவர். ஒருநாள் தேநீர் அருந்தும்போது போதகர், உங்கள் முன்னோர் எப்படிக் கிறிஸ்தவர் ஆனார்கள் என்று கேட்டார். தரங்கம்பாடி, ஜெர்மனியின் லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷன் என்று சொல்லத் தொடங்கியதும் அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். 1893இல் கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் வாழும் சாகா மக்களிடையே பணியைத் தொடங்கியது அதே லைப்சிக் மிஷன். 1706இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் வந்திறங்கிய தரங்கம்பாடியில் பிற்காலத்தில் பணியை ஏற்று நடத்தியதும் அவர்களே. அங்கே 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. தான்சானியாவில் 1963இல் ஏழு சபைகள் இணைந்து ஒரே லுத்தரன் திருச்சபை ஆயின. 'அப்படியானால் நாம் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்' என்றார் அவர். அந்த நாள்வரை நான் உதவ வந்த வெளியாள் என்ற எண்ணத்திலேயே இருந்தேன்.

மறுமொழி 2: ஜூரோங் பொறியாளர்

ஆசிரியை அம்மா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். நான் கத்தோலிக்கன், ஓஃபீர் ரோட்டில் உள்ள லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குப் போய் வளர்ந்தவன். திமோர் லெஸ்தேயின் தலைநகரான டிலியில் ஓராண்டு குடிநீர்த் திட்டம் ஒன்றில் தொண்டூழியம் செய்தேன். அங்கே மக்களில் மிகப்பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். திருப்பலியின் ஒழுங்கு உலகெங்கும் ஒன்றே என்பதால், அங்கே பேசப்படும் டெட்டும் மொழி தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் எழுந்து நிற்பது, எந்த இடத்தில் முழந்தாளிடுவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அக்காள் என்ற பொருளில் 'மனா' என்றும் அண்ணன் என்ற பொருளில் 'மாவுன்' என்றும் யாரும் யாரையும் அழைக்கும் ஊர் அது. நமக்கு அந்நியமாகவே தோன்றாது.

ஆனாலும் நான்காம் மாதத்தில் என் ஜெபம் வறண்டுபோனது. வேலை கடினம், குழாய் உடைந்துகொண்டே இருந்தது, ஞாயிறன்று கோவிலில் அமர்ந்தால் என்னைச் சுற்றி எல்லாரும் தங்கள் தாய்மொழியில் கடவுளோடு பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்குச் சொல் வரவில்லை. உள்ளூர் மக்களோடு ஒன்றிவிட வேண்டும் என்ற பிடிவாதத்தில் தமிழை அறவே ஒதுக்கி வைத்திருந்ததே அதற்குக் காரணம் என்று பிறகு உணர்ந்தேன். ஆகவே தங்கைக்கு என் வேண்டுகோள்: உள்ளூர் ஆலயத்துக்குப் போங்கள், ஆனால் தமிழ் ஆராதனையை விட்டுவிடாதீர்கள். தான்சானிய நேரம் நமக்கு ஐந்து மணி நேரம் பின்தங்கியது. சிங்கப்பூரில் காலை 11 மணி ஆராதனை நடக்கும்போது அங்கே காலை 6. உங்கள் சபை நேரலையில் ஒளிபரப்பினால் கேட்டுவிட்டே நடந்து போகலாம். மாதம் ஒருமுறை நகரத்து ஆங்கில ஆராதனைக்குப் போவதும் குற்றமல்ல; மனம் சோர்ந்த நாளில் நம் நிலையைப் புரிந்துகொள்ளும் மற்றொரு வெளிநாட்டவரிடம் பேசுவது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

திருவிருந்தைப் பற்றி: லுத்தரன் சபையில் உங்கள் போதகரின் கடிதம் ஒன்று இருந்தால் நல்லது, முதல் வாரமே அங்குள்ள போதகரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். எப்போதாவது கத்தோலிக்கத் திருப்பலிக்குப் போக நேர்ந்தால், பிற சபையினர் நற்கருணை வாங்குவது எங்கள் ஒழுங்கில் இல்லை. இருக்கையிலேயே அமர்ந்து ஜெபியுங்கள்.

ஓர் ஊரின் ஆலயத்தில் அந்த ஊரின் துக்கமும் இருக்கிறது என்பதையும் அங்கேதான் கற்றேன். டிலியின் கடலோரத்தில் மொட்டாயேல் என்ற ஆலயம் உண்டு. 1991 நவம்பர் 12 அன்று அங்கே திருப்பலி முடிந்து சாண்டா குரூஸ் கல்லறைத் தோட்டத்துக்கு ஊர்வலமாகச் சென்றவர்கள்மீது, அப்போது அந்நாட்டை ஆக்கிரமித்திருந்த இந்தோனேசிய ராணுவம் சுட்டது. நான் எதுவும் தெரியாமல் அந்த ஆலயத்தின் படியில் அமர்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அமர்ந்த பெண்மணி, தம் அண்ணன் அன்று இந்தப் படியில்தான் கடைசியாகத் தம்மோடு பேசினார் என்றார். அதன்பின் எந்த ஊருக்குப் போனாலும், ஆலயத்தின் வரலாற்றை முதலில் கேட்டறிந்து கொள்கிறேன்.

மறுமொழி 3: தெம்பனிஸ் இயன்முறைச் சிகிச்சையாளர்

நோயாளிகளைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் நேபாளத்தில் இருந்தேன். அப்போது அங்கே வார விடுமுறை சனிக்கிழமை என்பதால் சபைகளும் சனிக்கிழமையே கூடின. ஞாயிறு வேலை நாளாக இருந்தது. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கமாகத் தரையில் அமர்ந்து, 'ஜெய் மசீஹ்' என்று வாழ்த்திக்கொள்வார்கள். நம் கிராமத்து ஆலயத்தில் இருப்பது போலவே இருந்தது. ஆனால் 2015ஆம் ஆண்டு அரசமைப்பின் 26ஆம் பிரிவு ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018இல் நடப்புக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி அதற்கு 5 ஆண்டுவரை சிறை உண்டு. வெளிநாட்டவராக இருந்தால் தண்டனைக்குப்பின் நாட்டைவிட்டு வெளியேற்றப்படுவார். வெளிநாட்டவர் சொல்லும் ஒரு கவனக்குறைவான சொல்லுக்கு உள்ளூர்ப் போதகர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தான்சானியாவில் அந்த நிலை இல்லை. கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒரே குடும்பத்தில்கூட இருப்பார்கள். இருந்தாலும் 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தை இயற்றிய ஊரில் வளர்ந்த நமக்கு ஒரு பழக்கம் கைவந்திருக்கிறது: சீருடையில் இருக்கும்போது சமயம் பேசுவதில்லை. அதை அங்கேயும் கடைப்பிடியுங்கள். நோயாளியே கேட்டால் ஜெபியுங்கள். அவர் கேட்காமல் நீங்களாகத் தொடங்காதீர்கள். நோன்பு மாதத்தில் மாத்திரை வேளையை மாற்றித் தரும் தாதியை முஸ்லிம் குடும்பங்கள் மறப்பதில்லை. நீங்கள் போகும் மாதங்களில் நோன்பு வராது என்றாலும், அந்த அக்கறை இருக்கிறதா என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

மறுமொழி 4: செங்காங் தாதி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நிமிட நடையில் உள்ள ஆலயத்துக்கே போவதென்று முடிவு செய்துவிட்டேன். நேற்று எங்கள் போதகரிடம் வாழ்த்தும் அறிமுகக் கடிதமும் கேட்டேன். வரும் ஞாயிறு சபை முன்னிலையில் தருவதாகச் சொன்னார். பொறியாளர் அண்ணன் சொன்னபடி காலை 6 மணிக்குத் தமிழ் ஆராதனை, பிறகு அங்குள்ள ஆராதனை என்று வைத்துக்கொள்ளப் போகிறேன். முட்டை ஏலத்தைப் பற்றி ஆசிரியை அம்மா எழுதியதை என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒரே ஒரு குழப்பம். சுகாதார நிலையத்திலிருந்து வந்த குறிப்பில், ஞாயிறு ஆராதனை 'ஸா ன்னே', அதாவது நான்கு மணி என்று எழுதியிருக்கிறது. அதிகாலை நான்கா, மாலை நான்கா? அதிகாலை என்றால் இருட்டில் தனியாக நடக்க வேண்டியிருக்குமே என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள்.

மறுமொழி 5: பீஷான் ஆசிரியை

கவலை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அது காலை 10 மணி. சுவாஹிலியில் நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். காலை 7 மணி அங்கே ஒரு மணி. 10 மணி நான்கு மணி. அப்போஸ்தலருடைய நடபடிகளில் பேதுரு 'பொழுது விடிந்து மூன்றாம் மணி வேளை' என்று சொல்கிறாரே, அதே கணக்கு. நாம் வேதாகமத்தில் மட்டும் படித்ததை அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தே சொல்வார்கள். பேருந்து நேரத்தையும் மாத்திரை வேளையையும் இப்படித்தான் சொல்வார்கள் என்பதால், நோயாளியிடம் பேசும்போது எந்தக் கணக்கில் சொல்கிறோம் என்பதை இரண்டு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

டிசம்பர் மாதத்தைப் பற்றி ஒரு சொல். நாடெங்கும் வேலை செய்யும் சாகா மக்கள் கிறிஸ்துமஸுக்கு மலைக்குத் திரும்பி வருவார்கள். அந்த வாரங்களில் ஆலயத்தில் நிற்கவும் இடமிருக்காது. வெளியூரிலிருந்து வந்த பாட்டி ஒருவராவது நின்றுகொண்டிருப்பார். அதற்குள் உங்களுக்கென்று ஓர் இருக்கை அமைந்திருக்கும், அதை அவருக்குக் கொடுங்கள். ஜூலையில் அங்கே காலைக் குளிர் அதிகம். கம்பளிச் சால்வை ஒன்றைப் பெட்டியின் மேலாக வையுங்கள்.